மனைப்பூக் காத்தாயி

“கூசாதீங்க. நல்லா அழுத்திப் புடிங்க. ஒண்ணும் பண்ணாது.”

மலேரியா மருந்து அடிக்க வந்த ஊழியர் தோளில் மருந்துக் குடுவையோடு நிற்கிறார். அவர் அரைமனதாக நீட்டிய கையைக் காத்தாயி வெடுக்கென்று இழுத்து, கட்டைவிரல் பருமனுள்ள ரோஜாக் கொடியின்மேல் வைத்து, மேலே தன் கையையும் வைத்து மூடுகிறாள். பிறகு அடியிலிருந்து நுனிப் பக்கமாக ஒரே இழுப்பாக உருவுகிறாள். வேறு எந்த ரோஜாவாக இருந்தாலும் உள்ளங்கை கிழிந்திருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். கை நுனிக்குப் போய்ச் சேர்ந்ததும் விரித்துப் பார்க்கிறார். ஒரு கீறல் இல்லை.

“முள்ளே இல்லியே!”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும்வரை காத்தாயி பேசாமல் காத்திருக்கிறாள். வந்த பிறகுதான், “உள்ள போயி அடிங்க. அடுப்பு மேல மட்டும் அடிக்காதீங்க,” என்று வழி விடுகிறாள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், முள்ளியாற்றங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மதகைத் தாண்டி வாய்க்கால் வரப்போடு நடந்தால் நல்லவன்குடி தெற்குத் தெரு வந்துவிடும். அந்தத் தெருவுக்கு வேலையாக வருகிற யாரும் காத்தாயி வாசலில் இந்தப் பரீட்சையை எழுதாமல் தப்பியதில்லை. போன தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். கரைவேட்டிகள் வாசலில் கும்பிட்டு நிற்க, “ஓட்டு அப்பறம் கேக்கலாம். மொதல்ல கையை வைங்க,” என்றாள். ஒரு வேட்பாளர் கையை வைக்காமல் பக்கத்திலிருந்த தொண்டரைத் தள்ளிவிட்டார். “தொட்டுப் பாக்கவே ஆளு வக்கிறாரே, இவரா நமக்குச் சட்டசபையில பேசுவாரு?” என்று அவள் கேட்டது அன்று பொழுது சாய்வதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது.

காத்தாயிக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு. நாற்று நட்டு நட்டு இடுப்புக்கு மேலே கொஞ்சம் முன்சாய்ந்துவிட்டது. கால்விரல் இடுக்குகளில் ஆறவே ஆறாத சேற்றுப்புண். வாயில் எப்போதும் வெற்றிலை. குரல் நாலு வயலுக்கு அப்பால் இருப்பவளையும் திரும்பிப் பார்க்க வைக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், நடவுக்கு ஆள் வேண்டும் என்கிறவர்கள் முதலில் தேடி வருவது அவளைத்தான். யார் வயலுக்கு யார் யார் என்று அவள்தான் பிரித்து அனுப்புவாள். நடவு வரிசையின் ஓரத்தில் அவளே இறங்குவாள். எவ்வளவு அவசரமானாலும் கொண்டையில் ஒரு பூ இருக்கும்.

“சேத்துல எறங்கப் போற பொம்பளைக்கு ரோசா எதுக்குடி?” என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

“சேறு காலுக்கு. பூவு தலைக்கு,” என்பாள்.

பூ அடர்ந்த இளஞ்சிவப்பு. சந்தையில் விற்கிற ரோஜாவைப்போல் இதழ்கள் இறுகி நிற்பதில்லை. தளர்ந்து, அடுக்கு அடுக்காகச் சரிந்து கிடக்கும். மணம் கொஞ்சம் பன்னீர், கொஞ்சம் பழுத்த கொய்யா. வெயில் ஏறுவதற்கு முன் வாய்க்கால் கரை வரைக்கும் வரும். கொடி என்று பெயரே தவிர அவரையைப்போல் தானாகச் சுற்றி ஏறத் தெரியாது. காத்தாயிதான் வாழைநாரால் ஒவ்வொரு கிளையாகப் பிடித்துக் கட்டவேண்டும். கட்டும்போது அதோடு பேசுவாள். “இந்தப் பக்கம் வாடி. அங்க எங்க போறே, அடுத்த வூட்டுக் கூரைக்கு? அவ ஒன்னைப் பொரியல் பண்ணிப்புடுவா.”

காத்தாயியின் புருவத்துக்கு மேலே ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், “அது ஆச்சு, அந்தக் காலத்து அடி,” என்று முடித்துவிடுவாள். கொடியைப் பற்றிக் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்காருவாள். ஆனால் ரோஜா என்று மட்டும் சொல்லக்கூடாது. அதன் பெயர் மனைப்பூ.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. தெற்குத் தெரு முழுவதும் அப்போது நாகேஸ்வர ஐயர் பண்ணைக்குச் சொந்தம். வேலை செய்கிறவரைக்கும் குடியிருக்கலாம். போ என்றால் போகவேண்டும். காத்தாயியும் அவள் கணவன் மருதையனும் பண்ணையாட்கள். ஒரு வருடம் மருதையன் குடிசைக்குப் பின்னால் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றி வைத்தான். அது சடசடவென்று வளர்ந்து பூவும் விட்டுவிட்டது. பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

“யாரைக் கேட்டுடா மரம் வச்சே?”

“கொழம்புக்குத்தாங்க. ரெண்டு காயி காச்சா...”

“இன்னிக்குக் கொழம்புக்கும்பே. நாளைக்கு மரம் என்னுதும்பே. நாளன்னிக்கு மரம் நிக்கிற மனையும் என்னுதும்பே.”

கூட வந்த ஆளிடம் கண்ணைக் காட்டினார். இரண்டு வெட்டில் மரம் சாய்ந்துவிட்டது. காத்தாயி பூவையெல்லாம் உருவிக் கொண்டுபோய்ப் பொரியல் செய்தாள். அன்று வீட்டில் யாரும் அதில் கைவைக்கவில்லை.

“மரம் வச்சா மனை கேப்போம்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க,” என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறாள்.

பண்ணை வீட்டுக் கொல்லையில் கிணற்றுப் பக்கம் ஒரு இரும்பு வளைவு உண்டு. அதன்மேல் படர்ந்து கிடந்தது இந்த ரோஜா. நாகேஸ்வர ஐயர் கல்யாணமான வருடம் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வைத்தது. கிணற்றில் காத்தாயி தண்ணீர் இறைக்கக்கூடாது. குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றவேண்டும். மாட்டுக் கொட்டில் கூட்டி, சாணி அள்ளி, கடைசி வேலையாகக் கொடிக்குத் தண்ணீர். மணம் மேலே கவிந்துகொண்டிருக்கும். பூவைத் தொடக்கூடாது, அது பூஜைக்குப் போகிறது.

“வேருக்கு நான் ஊத்துற தண்ணிக்குத் தீட்டு இல்லியாம். பூவைத் தொட்டாத் தீட்டாம். இது எந்தூரு ஞாயம்?” என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்பதில்லை. பதில் சொல்லமுடியாதவர்களை வேடிக்கை பார்க்கிற குரல் அது.

முருங்கை வெட்டுப்பட்ட மறுவருடம் அவளுக்குத் துணிச்சல் வந்தது. ஐயரின் மனைவி அபயாம்பாள் பூக்குடலையோடு கொல்லையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். காத்தாயி குடத்தை இறக்கி வைத்தாள்.

“அம்மா, இதுல ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்கம்மா. நானும் வச்சுப் பாக்குறேன்.”

அபயாம்பாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“எங்கடி வைப்பே? இது வருஷக்கணக்கா ஒரே எடத்துல நின்னு படரணும்டி. நாளைக்கே அவர் காலி பண்ணுன்னா, வேரோட பிடுங்கிண்டு போவியா?”

ஏளனமாகச் சொல்லவில்லை. ஒரு சிறுபிள்ளை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படித்தான் சிரித்தாள். காத்தாயிக்கு அதுதான் தைத்தது. திட்டியிருந்தால் மனசுக்குள் திருப்பித் திட்டியிருக்கலாம். சொன்னது உண்மையாக இருந்துவிட்டது. குடத்தில் மீதமிருந்த தண்ணீரையும் கொடியின் வேரில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பிறகு கீழத்தஞ்சை கொதிக்க ஆரம்பித்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். முற்றிய கதிர் சாய்ந்து கிடந்தது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். தெற்குத் தெருப் பெண்கள் மதகின்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு லாரியை மறித்தார்கள். வரிசையின் முதல் ஆள் காத்தாயி. கோட்டையில் கட்சி மாறியிருந்தது. “கட்சி மாறுச்சு, லத்தி மாறல,” என்பான் மருதையன். அவன் சங்கத்து ஆள். சிவப்புத் துண்டு இல்லாமல் அவனைப் பார்க்கமுடியாது. அதிகம் பேசமாட்டான்; பேசினால் விட்டுக்கொடுக்கமாட்டான். ஒரு வழக்கு முடிந்தால் இன்னொரு வழக்கில் அவனைக் கொண்டுபோவார்கள்.

அவன் உள்ளே இருந்தபோதுதான் சட்டம் வந்து சேர்ந்தது. பண்ணையாள் குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து சங்கிலியோடு வந்து அளந்தார்கள். காத்தாயி வாசலில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“ஆம்பளை இல்லியா?”

“உள்ள இருக்காரு.”

“கூப்புடு, வரட்டும்.”

“வூட்டுக்குள்ள இல்லீங்க. செயிலுக்குள்ள.”

அதிகாரி பேனாவை மூடினார். “அப்ப யாரு பேருல எழுதறது?”

“இங்க நிக்கிறவ பேருல எழுதுங்க. நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?”

அவர் மறுபடியும் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதிவிட்டார். தெற்குத் தெருவிலேயே பெண் பெயரில் வந்த பட்டா அது ஒன்றுதான். இந்த இடம் வரும்போது காத்தாயி கதையை நிறுத்தி, கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பாள். கேட்கிறவர் தலையையாவது ஆட்டவேண்டும்.

பட்டா கைக்கு வந்த வாரம் பண்ணை வீட்டில் கொடியைக் கழித்துவிட்டார்கள். வருடா வருடம் தை பிறந்ததும் செய்கிற வேலை. வெட்டின குச்சியெல்லாம் எருக்குழி ஓரத்தில் குப்பையோடு குப்பையாகக் கிடக்கும். எருவை வயலுக்குச் சுமக்கும்போது காத்தாயி எத்தனையோ வருடம் அந்தக் குச்சிகளைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை கூடையை இறக்கி, குந்தி உட்கார்ந்து, பச்சையாக இருந்த குச்சிகளாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

“திருடலீங்க. அவங்க வேணாம்னு போட்டது. வருசா வருசம் அங்கதான் கெடந்துச்சு. அள்ளிக்கிட்டுப் போற ஆளும் நாந்தான். எனக்குக் குச்சியா கெடைக்கல? வைக்க மனைதான் இல்ல.”

வெட்டுவாயில் சாணியை அப்பி, சுவர் நிழலில் ஊன்றி வைத்தாள். பாதியை ஆடு தின்றது. பாதி கருகியது. ஒன்றே ஒன்றில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு துளிர் வந்தது. நம் பக்கத்துக் களிமண் நெல்லுக்குத்தான் தாய். மழையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ரோஜா வேர் அதில் அழுகிப்போகும். அதனால் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினாள். கீழே ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் ஆற்று மணல், அதன்மேல் வண்டலும் ஆட்டுப்புழுக்கையும். அந்த மேட்டைப் பார்த்து, “யாரைடி பொதைச்சிருக்கே?” என்று தெரு கேட்டது.

மருதையன் விடுதலையாகி வந்து பார்த்தான். கொடி அப்போது அவன் இடுப்பு உயரம் இருந்தது.

“பண்ணை வூட்டுப் பூவைக் கொண்டாந்து நம்ம வாசல்ல வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?”

“பண்ணை வூட்டுத் தண்ணியையா அது குடிச்சுச்சு? நான் சொமந்த தண்ணி. அதுக்கு வேரு அங்க இருந்தாலும் ரத்தம் என்னுது.”

மருதையன் கொடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். மறுநாள் எங்கிருந்தோ சவுக்குக் கழிகளைத் தூக்கி வந்து பந்தல்கால் நட்டுக் கொடுத்தான்.

மூன்றாம் வருடம்தான் பூத்தது. முதல் பூ விரிந்த காலையில் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. “ரோசா பூத்திருச்சு காத்தாயி,” என்றாள் பக்கத்து வீட்டு அகிலாண்டம். “ரோசான்னா கடையில விக்கும். இது மனை வந்ததால வந்த பூவு,” என்றாள் காத்தாயி. அன்றிலிருந்து அது மனைப்பூ.

அதற்குள் பண்ணை வீடு காலியாகிவிட்டது. நில உச்சவரம்பு, குத்தகை வழக்குகள், பிள்ளைகளுக்கு மெட்ராசில் உத்தியோகம் எல்லாம் சேர்ந்து ஐயர் குடும்பத்தை வண்டி ஏற்றிவிட்டன. வீட்டுச் சாவி காரியக்காரரிடம் இருந்தது. கொல்லையில் ரோஜா பாட்டுக்குப் படர்ந்துகொண்டிருந்தது. காத்தாயி இரண்டொரு தடவை சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “நம்முளுது மாதிரி இல்ல, எளைச்சுப் போச்சு,” என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

எழுபத்தேழாம் வருடத்து ஐப்பசிப் புயலை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தெரு முழுவதும் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டிக்கொண்டது. விடிந்து வந்து பார்த்தால் தெருவில் ஒரு கூரையும் இல்லை. காத்தாயி வீட்டில் ஒரு சுவர் உட்கார்ந்துவிட்டது. பந்தல்கால் முறிந்து, கொடி முழுவதும் இடிந்த சுவரின்மேலும் தரையிலுமாகப் பாய்விரித்ததுபோல் கிடந்தது. இலை ஒன்று பாக்கியில்லை. வேர் மட்டும் விடவில்லை.

“வெட்டி ஒதுக்கிப்புடலாம் புள்ள. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு,” என்றான் மருதையன்.

“படுத்துக் கெடந்தாக் கெடக்கட்டும். நாமளும் படுத்துத்தான் கெடக்கோம். எந்திரிக்கலாம்.”

கீற்று வாங்கி, கூரை வேய்ந்து, அழுகிய நெல்லைக் காயவைத்து, ஒருவழியாக மூச்சு விடுவதற்குள் தை பிறந்துவிட்டது. ஒரு காலையில் காத்தாயி குனிந்து பார்த்தாள். படுத்துக் கிடந்த தண்டில் கணுவுக்குக் கணு ஒரு துளிர் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு துளிரிலும் மொட்டு. மாசியில் அந்த இடிந்த சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை, முழுக்கப் பூ. நிவாரணத் துணி கொண்டுவந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். ஊரே மொட்டையாகக் கிடந்த நேரத்தில் தெற்குத் தெருவில் மட்டும் அந்த நிறம்.

“நிமுந்து ஏறுனா நுனியிலதான் பூக்கும். படுக்க வச்சா ஒடம்பெல்லாம் பூக்கும். புயலு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு,” என்கிறாள். அதிலிருந்து அவள் கொடியை மேலே ஏற்றுவதில்லை. சுவர் நெடுகப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டுகிறாள்.

அதே புயல் பண்ணை வீட்டுக் கொல்லையில் பெரிய வேப்பமரத்தைப் பிடுங்கி இரும்பு வளைவின்மேல் போட்டது. மரத்தை ஏலம் எடுத்தவர்கள் அறுத்து இழுத்துப் போனபோது ரோஜாவும் வேரோடு போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து, அடுத்த தை மாதக் கடைசியில் அபயாம்பாள் மெட்ராசிலிருந்து வந்தாள். ஐயர் அதற்கு முன்பே தவறிவிட்டிருந்தார். வீட்டை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்ததால், கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தவள் அங்கே ஒரு பள்ளத்தைத்தான் பார்த்தாள். காரியக்காரர் தயங்கித் தயங்கி, தெற்குத் தெருவில் அதே கொடி இருக்கிறது என்று சொன்னார். ஒரு குச்சி வாங்கி வரச் சொல்லி அவரையே அனுப்பினாள்.

காரியக்காரருக்கும் வயதாகிவிட்டது. இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். முருங்கை நின்ற இடம் அவர் நின்ற இடத்திலிருந்து தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காத்தாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

“வேணும்னா வந்து பாத்து வாங்கிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. ஆளுகிட்டக் குடுத்து அனுப்புற சாமான் இல்லீங்க இது.”

அவர் போனதும் மருதையன் வெடித்தான். “வந்தாலும் குடுக்கக்கூடாது. ஒரு எல போவக்கூடாது அந்த வூட்டுக்கு. அன்னிக்கு நீ கேட்டப்ப என்னா சொன்னாங்க?”

“சொன்னாங்க.”

“முருங்கையை வெட்டுனதும் அவங்க ஆளுதானே?”

“ஆமா.”

“பின்ன?”

“ஏய்யா, இந்த மனைப் பட்டா யாரு பேருல இருக்கு?”

“ஒன் பேருலதான்.”

“அவங்க கேக்க வந்தா, குடுக்க நம்மகிட்ட இருக்குன்னுதானே அர்த்தம்? இல்லேன்னு சொல்றதுல என்னாய்யா பெருமை? அவங்க வூட்டுலயே அதைப் பாத்தாச்சே. குடுத்துப் பாக்குறேன், எப்புடி இருக்குன்னு.”

மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சங்கக் கொட்டகையில் இருக்கிற ஒரே நாற்காலியைத் தலையில் தூக்கி வந்து வாசலில் இறக்கினான். கைவைத்த மரநாற்காலி. கூட்டங்களில் தலைவர்கள் உட்காருவது.

“நம்ம வூட்டுக்கு வந்தவங்க நின்னுக்கிட்டே இருந்துட்டுப் போனாங்கன்னு பேரு வரக்கூடாது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் வாய்க்கால் வரப்பில் அபயாம்பாள் நடந்து வந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் காரியக்காரர். பண்ணை வீட்டுப் பெண்பிள்ளை தெற்குத் தெருவுக்குள் நடந்து வருவதைத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. தெருமுனையில் ஒரு கணம் நின்றாள். காத்தாயி எதிரே போனாள். நெற்றியில் குங்குமம் இல்லாத அந்த முகத்தை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

“வாங்கம்மா. அந்தப் பக்கம் சேறு. இப்படிக் காலு வச்சு வாங்க.”

நாற்காலியைக் காட்டியதும் அபயாம்பாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மணம் எட்டியிருக்க வேண்டும். எழுந்து சுவரோரமாகப் போனாள். கையைக் கொடியின்மேல் வைத்து, கண்ணை மூடாமல், கூசாமல், நெடுக உருவிக்கொண்டே நடந்தாள். காத்தாயி அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“எங்காத்துல இப்படிப் பூத்ததேயில்லை,” என்றாள் அபயாம்பாள்.

காத்தாயி மகிழ்ச்சியை மறைக்கக் கூட முயலவில்லை. “இல்லம்மா. பூத்ததில்ல.”

“பெங்களூர்லேர்ந்து ஈரச்சாக்குல சுத்தி, ரயில்ல மடியிலயே வச்சிண்டு வந்தார். என்னைக்கூட அவ்வளவு பத்திரமாக் கூட்டிண்டு வரலைன்னு நான் சொல்வேன். வெள்ளைக்காரப் பேர் ஒண்ணு சொல்லுவார். மறந்துடுத்து.”

“பேரு நான் வச்சுட்டேம்மா.”

“என்ன பேரு?”

“மனைப்பூ.”

அபயாம்பாள் அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, “நீ அன்னிக்குக் கேட்டப்போ நான் சிரிச்சேன் காத்தாயி,” என்றாள். முன்பு வாய்க்கு வாய் வருகிற ‘டி’ அன்று முழுவதும் வரவில்லை.

“எடம் இல்லேன்னு சொன்னீங்க. அப்ப இல்ல. நெசந்தானேம்மா?”

காத்தாயி அரிவாளை எடுத்துக்கொண்டு கொடிக்குள் புகுந்தாள். மொட்டு விட்டு ஓய்ந்த, முற்றாத தண்டாகப் பார்த்துச் சாய்வாக வெட்டினாள். வெட்டிக்கொண்டே கேட்டாள்:

“இதை எங்கம்மா வைப்பீங்க?”

குத்திக்காட்டக் கேட்டதல்ல. மண் எப்படி, வெயில் எப்படி என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுதான். ஆனால் கேட்ட பிறகு இரண்டு பேருக்குமே அது காதில் விழுந்தது. காத்தாயியின் அரிவாள் நின்றது.

“மெட்ராஸ்ல பிள்ளையோட இருக்கேன். வாடகை வீடு, மாடி. மண் கிடையாது,” என்றாள் அபயாம்பாள் மெதுவாக. “தொட்டியிலதான் வைக்கணும்.”

காத்தாயி வெளியே வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

“பெரிய தொட்டியா வாங்குங்கம்மா. அடியில ஓட்டாஞ்சில்லு போடுங்க, தண்ணி நிக்கக்கூடாது. காலை வெயிலு படுற பக்கமா வைங்க. ரெண்டு வருசம் பூக்காது, கோவிச்சுக்கிட்டுத் தூக்கிப் போட்டுறாதீங்க. வளந்தா நட்டமா வுடாம மாடிச் சுவத்தோட படுக்க வச்சுக் கட்டுங்க.” குச்சிகளை ஒன்றாக அடுக்கினாள். “செத்துப் போனா வாங்க. இங்க இருக்கு. நான் எங்கயும் போவமாட்டேன்.”

குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி, வாழைநாரால் கட்டினாள். வாங்கிக்கொள்ளக் காரியக்காரர் கையை நீட்டினார். காத்தாயி அவரைத் தாண்டிப் போய் அபயாம்பாளிடம் நீட்டினாள். முன்பெல்லாம் அந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் மேலிருந்து கையில் போடுவதுதான் வழக்கம். அபயாம்பாள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள்.

அவள் தலை மதகைத் தாண்டி மறைந்ததும் தெரு வாசலில் வந்து குவிந்தது. என்ன சொன்னாள், அழுதாளா, என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மருதையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சங்கத்தில் சாயங்காலம் கூட்டம் இருக்கிறது, நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று துண்டைச் சும்மாடு சுற்றினான்.

“இருய்யா,” என்றாள் காத்தாயி.

சேலை முந்தானையால் நாற்காலியை ஒருமுறை துடைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் அதன் கைகளில் நீளமாக வைத்து, முதுகு நன்றாகப் படும்படி சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.